நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் வைப்பதற்கு முன்

எங்கள் வீட்டு நாய் சிட்டு, சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய வயிறு, நீளக் கால், இரண்டு நாள் சரியாக நடக்கவில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவாள். வீட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், திரும்பி வர ராத்திரி ஒன்பது மணி ஆகிவிடும், அதனால் மாலை நடைக்கு ஒரு பையனை மாதச் சம்பளத்தில் வைத்தோம். நல்ல பையன், மரியாதையாகப் பேசுவான், சிட்டுவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. மே மாதம் ஒரு ராத்திரி அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு முன்னங்காலை விடாமல் நக்கிக்கொண்டே இருந்தாள். மெதுவாக இழுத்து மடியில் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளங்கால் தோல் பாலாடை மாதிரி சுருங்கிப் பிரிந்து, அடியில் செக்கச் செவேல் என்று இருந்தது. நான்கு காலிலும் அப்படித்தான்.

மறுநாள் வாட்ச்மேனின் நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. மாலை ஏழு மணிக்கு வருவதாக ஒத்துக்கொண்டவன் மூன்று வாரமாக மதியம் மூன்று மணிக்கே வந்துபோயிருக்கிறான். மாலையில் அவனுக்கு வேறு வீடுகள் சேர்ந்துவிட்டன. அந்த வீடுகளில் எல்லாம் ஆள் இருந்தார்கள், நேரத்தை மாற்ற முடியாது. எங்கள் வீட்டுச் சாவி மட்டும் அவன் கையிலேயே இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில், சென்னையில், மதியம் மூன்று மணித் தார்ச்சாலையில் என் நாய் நடந்திருக்கிறது. அவனைச் சேர்க்கும்போது ஆதார் கேட்டேன், முகவரி கேட்டேன், சம்பளம் பேசினேன். "மொத்தம் எத்தனை வீடு பார்க்கிறாய், எங்கள் வீடு எத்தனையாவது?" என்று கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்காகவும் அக்கம்பக்கத்து வீடுகளுக்காகவும் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வாயில்லா ஜீவனை ஒருவர் கையில் கொடுத்து வெளியே அனுப்புகிறோம், அங்கே என்ன நடந்தது என்று அது வந்து சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் நாம்தான் முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

முதலில் உங்கள் நாயைப் பற்றி ஒரு தாள்

ஆளைத் தேடுவதற்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் நாயைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். எதைக் கண்டால் பயப்படும், எதைக் கண்டால் துரத்தும், குழந்தைகள் ஓடிவந்து தொட்டால் என்ன செய்யும், ஹெல்மெட் போட்டவரையோ குடை பிடித்தவரையோ கண்டால் குரைக்குமா, லிஃப்டில் இன்னொரு நாய் ஏறினால் சும்மா இருக்குமா. முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். சொன்னால் ஆள் கிடைக்க மாட்டார் என்று மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வருகிறவருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

இந்தத் தாள் எதற்கு என்றால், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது அதில்தான் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்துக்கும் தலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாதாரண பெல்ட்டைப் போட்டால் பின்பக்கமாக ஒரு இழு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். பூனை ஒன்று குறுக்கே ஓடினால் போதும், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு முனையில் இருக்கும். இந்த நாய்களுக்கு இழுத்தால் கொஞ்சம் இறுகி விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் பெல்ட் அல்லது நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற, சரியான அளவு ஹார்னஸ் வேண்டும், அதைப் போடத் தெரிந்த ஆளும் வேண்டும். பக், ஷீட்சு மாதிரி மூக்குச் சப்பையான நாய்க்கு வெயிலைப் பற்றித் தெரிந்தவர் வேண்டும். ராட்வெய்லர், ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் நாய் ஒரு பக்கம் பாய்ந்தால் நிறுத்திப் பிடிக்கிற உடல்பலம் வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. பெரிய நாயை ஒல்லிப் பிள்ளை ஒருவன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், அவன் எவ்வளவு அன்பானவனாக இருந்தாலும் சரி. வயதான லாப்ரடார் என்றால் நேர் எதிர், அதற்கு நின்று நின்று கூடவே வரும் பொறுமைசாலி போதும்.

எங்கே தேடுவது

செயலிகள் இருக்கின்றன, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நான்கு எண்கள் வந்து விழும். எனக்கு அதைவிடப் பலன் தந்த வழி வேறு. காலை ஐந்தரை மணிக்கு உங்கள் பகுதியில் நாய்கள் நடக்கிற தெருவிலோ பூங்கா வாசலிலோ நான்கு நாள் போய் நில்லுங்கள். மற்றவர்களின் நாயைக் கூட்டிப் போகிறவர்களை அங்கேயே அடையாளம் கண்டுவிடலாம். நீங்கள் பார்ப்பது அவருக்குத் தெரியாது, அதனால் அவர் வழக்கமாக எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே இருப்பார். நாய் முகர்ந்து பார்க்க நின்றால் அவரும் நிற்கிறாரா, தரதரவென்று இழுக்கிறாரா? ஒரு கையில் போன், ஒரு கையில் கயிறா? டீக்கடை வாசலில் கம்பத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாரா? ஒரே நேரத்தில் நான்கு நாயைப் பிடித்துக்கொண்டு போகிறாரா? நாய் மலம் கழித்தால் குனிந்து பையில் எடுக்கிறாரா, இல்லை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு நகர்கிறாரா? இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். ஆள் இல்லாத இடத்திலும் குனிந்து எடுக்கிறவர், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என் நாயையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

உங்கள் நாய் டாக்டரிடமும் கேளுங்கள். கிளினிக்கில் உதவிக்கு இருப்பவர்கள் சிலர் காலையிலும் மாலையிலும் இந்த வேலை செய்வார்கள், அவர்களுக்கு நாயைப் பிடிக்கவும் வரும், உடம்பு சரியில்லை என்றால் கண்டுபிடிக்கவும் வரும். தெருநாய்களுக்குச் சாப்பாடு போடும் அக்காக்களும் உண்டு, அன்பில் குறையே சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அவர் தெருவில் இறங்கினாலே பத்து நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும், உங்கள் நாய் பயந்த சுபாவம் என்றால் அது தாங்காது.

போனில் மூன்று கேள்வி

வீட்டுக்கு வரச் சொல்வதற்கு முன் போனிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, நான் கேட்காமல் விட்டது. மொத்தம் எத்தனை வீடு, எந்தெந்த நேரம், எங்கள் வீட்டுக்கு முந்தைய வீடு எங்கே, அடுத்தது எங்கே? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மணிக்கு வேளச்சேரியில் ஒரு நாய், ஆறரைக்கு மடிப்பாக்கத்தில் உங்கள் நாய் என்றால், இரண்டில் ஒன்றுக்கு அரை மணி நடை கிடைக்கப்போவதில்லை.

இரண்டு, தனியாகக் கூட்டிப் போவீர்களா, மற்ற நாய்களோடு சேர்த்தா? சேர்த்துப் போவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், ஒரே அபார்ட்மெண்டில் பழகிய இரண்டு நாய்கள் சேர்ந்து போனால் அவற்றுக்குச் சந்தோஷம்தான். தெரியாத நாய்களோடு, நம்மிடம் சொல்லாமல் என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது.

மூன்று, நீங்கள் வர முடியாத அன்றைக்கு யார் வருவார்கள்? "தம்பியை அனுப்புறேன்" என்று பதில் வந்தால், அந்தத் தம்பியையும் சேர்த்து வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சிட்டுவைப் பொறுத்தவரை முன்பின் தெரியாதவர் கதவைத் திறந்து உள்ளே வருவதைவிட ஒருநாள் நடை இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் அதிகம் பேசாதீர்கள், பாருங்கள்.

ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாக சிட்டுவின் தலையில் தட்டினார், தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உதட்டை நக்கினாள், கொட்டாவி விட்டாள், வாலை இடுக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனாள். நாய்களோடு பழகியவருக்கு இது ஒவ்வொன்றும் "எனக்குப் பிடிக்கவில்லை, விடு" என்று காதில் சொன்னது மாதிரி கேட்கும். அவருக்குக் கேட்கவில்லை. "எந்த நாயா இருந்தாலும் ரெண்டே நாள்ல என்கிட்ட அடங்கிடும்" என்றார். எப்படி என்றேன். "லேசா ரெண்டு தட்டு தட்டினா போதும்." டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அடக்குவது, பணிய வைப்பது என்கிற பேச்சு வந்தாலே அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவருக்கு எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

இன்னொருவர் எங்கள் தெருவில் அதிகாலையில் பால் பாக்கெட் போடுகிற அண்ணன். வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "சில நாய்க்கு இதைக் கண்டா ஆகாது" என்றார். உள்ளே வந்து சிட்டுவை நேருக்கு நேர் பார்க்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு என்னிடம் பேசினார், கையைத் தொங்கவிட்டிருந்தார். அவள் வந்து பேண்ட்டை முகர்ந்துவிட்டுப் போனாள், அவர் அசையவில்லை. இரண்டாவது முறை வந்து கையை முகர்ந்தாள், அப்போதும் தொடவில்லை. மூன்றாவது முறை தானாகவே அவர் முழங்காலில் தாடையை வைத்தாள், அப்போதுதான் காதுக்குக் கீழே மெதுவாகச் சொறிந்துவிட்டார். அப்புறம் "பெல்ட் எது?" என்று கேட்டு வாங்கினார். போட்டுவிட்டு உள்ளே இரண்டு விரல் விட்டுப் பார்த்தார், பிறகு முன்பக்கமாக மெதுவாக இழுத்தார். பெல்ட் காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு அவர் கையோடு வந்துவிட்டது. "இது கழன்றுடும்க்கா, வேற வாங்கிடுங்க, அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவரைச் சேர்த்துக்கொள்ள எனக்கு அந்த ஒரு நொடி போதும், ஆனாலும் மீதிக் கேள்விகளையும் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், பிடித்துப்போனவரிடம்தான் நாம் கேள்விகளைக் குறைத்துவிடுகிறோம்.

கேட்க வேண்டியவை, வர வேண்டிய பதில்கள்

"உங்களுக்கு நாய் பிடிக்குமா?" என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை, பிடிக்காது என்று யார் சொல்லப்போகிறார்கள். நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைச் சொல்லி, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

தெருவில் நான்கு நாய்கள் குரைத்துக்கொண்டு சூழ்ந்தால்? நம் ஊரில் இது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். "கல்லை எடுத்தா ஓடிடும்" என்பது சரியான பதில் ஆகாது. இன்றைக்குக் கல்லுக்கு ஓடுகிற நாய்கள் நாளைக்கு உங்கள் நாயைப் பார்த்த உடனே பாயும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கயிற்றைச் சுருக்கி நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் தான் நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். சின்ன நாயைச் சட்டென்று தலைக்கு மேலே தூக்கினால் தெருநாய்களும் எம்பிக் குதிக்கும், கையில் கடி விழும். பால் அண்ணன் சொன்னது இன்னும் நல்ல பதில்: "ரெண்டாவது தெரு டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட குட்டி போட்ட நாய் ஒண்ணு இருக்கு, இன்னும் ஒரு மாசத்துக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது." இருபது வருடமாக விடியற்காலையில் அந்தத் தெருக்களில் போகிறவருக்கு எந்த முனையில் எந்த நாய் என்று தெரிகிறது. இது எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

கயிறு நழுவி நாய் ஓடிவிட்டால்? பின்னாலேயே துரத்தினால் நாய் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும், இல்லை பயந்து ரோட்டில் பாயும். குந்தி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எதிர்த் திசையில் நகர்வது, பிஸ்கட் பாக்கெட்டைச் சலசலக்க வைப்பது, இவைதான் வழி. அதே நேரத்தில் உங்களுக்குப் போன் வர வேண்டும். "நான் தேடிப் பிடிச்சிட்டுத்தான் சொல்லுவேன், உங்களை ஏன் பயமுறுத்தணும்" என்று ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு ஒத்துவரவில்லை. நாய் காணாமல் போன முதல் அரை மணி நேரம் மாதிரி மதிப்பான நேரம் கிடையாது, அதில் வீட்டுக்காரரின் குரலும் தெருவில் கேட்க வேண்டும்.

எலும்பைக் கவ்விவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கள் காலையில் எந்தத் தெருவில் பார்த்தாலும் பிரியாணிப் பொட்டலமும் கோழி எலும்பும் கிடக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். முன்கூட்டியே பார்த்து ஒதுங்கிப் போகிறவர்தான் நல்லவர். கவ்விவிட்டால் வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றை மூக்கருகே காட்டி விடவைக்கத் தெரிய வேண்டும்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், அல்லது அவரையே கடித்துவிட்டால்? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும், அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெருநாயும் கடிக்கலாமே. அவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் பற்றியும் கேளுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். அதைவிட ஆபத்து, ஈரத் தரையில் மின்கம்பமும் தரையோடு இருக்கிற மின்பெட்டியும். நாய் காலைத் தூக்குகிற இடம் அதுதான். மழை நாளில் கம்பத்துப் பக்கமே விட மாட்டேன் என்று ஒருவர் தானாகச் சொன்னால் அவரைக் கையோடு பிடித்து வையுங்கள்.

வெயில். இதை நான் விலை கொடுத்துக் கற்றேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை காற்றைவிட 20 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக இருக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாய் அதில் நடக்கக் கூடாது. சூரியன் இறங்கினாலும் தார் உடனே ஆறாது, மாலை ஐந்து மணி என்பது நமக்குத்தான் சாயந்திரம், நாயின் பாதத்துக்கு இன்னும் மதியம்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். அதனால்தான் மூக்குச் சப்பையான நாய்கள் சீக்கிரம் விழுந்துவிடுகின்றன. நாயின் இயல்பான உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிவிட்டு, அப்படியே டாக்டரிடம் ஓட வேண்டும். நாய்க்கு வாய்மூடி போடுகிறவர்கள் கவனிக்க: வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியில் நாயால் மூச்சு வாங்க முடியாது, நடைக்குக் கூடை மாதிரி இருக்கிறதுதான் வேண்டும். வருகிறவரிடம் "மே மாதம் எத்தனை மணிக்குக் கூட்டிப் போவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "நீங்க சொல்ற நேரத்துக்கு" என்றால் அது போதாது. காலை ஆறரைக்குள், இல்லாவிட்டால் ராத்திரி ஏழரைக்கு மேல் என்று அவரே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று: "இதுவரை உங்கள் கையில் என்ன தப்பு நடந்திருக்கிறது?" ஒன்றுமே நடந்ததில்லை என்பவர் புதியவராக இருக்க வேண்டும், இல்லை மறைக்கிறார். பால் அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்திரம் ஒரு பொமரேனியனைக் கூட்டிப் போனபோது பக்கத்தில் வெடி வெடித்து அது கையை விட்டு ஓடி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கார் அடியில் கிடைத்ததைச் சொன்னார். "அதுல இருந்து தீபாவளி வாரம் முழுக்க ரெண்டு கயிறு போடுறேன்." சம்பவத்தையும் சொன்னார், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டார் என்பதையும் சொன்னார். நீங்கள் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

ஒத்திகை நடை

பேச்சு முடிந்ததும் வேலைக்கு வைத்துவிடாதீர்கள். முதல் நாள் கயிறு உங்கள் கையில், அவர் கூட நடக்கட்டும். இரண்டாம் நாள் கயிறு அவர் கையில், நீங்கள் கூட நடங்கள். மூன்றாம் நாள் அவர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் நூறடி பின்னால் போங்கள், இதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். இந்த மூன்று நாளுக்கும் காசு கொடுத்துவிடுங்கள், அவர் நேரமும் நேரம்தான்.

கயிற்றைப் பாருங்கள். தொய்வாக, சிரித்த வாய் மாதிரி வளைந்து தொங்கினால் இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எந்நேரமும் விறைப்பாக இருந்தால் யாரோ ஒருவர் இழுக்கிறார். பட்டனை அமுக்கினால் நீளும் கயிற்றை அவர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பைக் வருகிற தெருவில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிற நாயை யாராலும் சமாளிக்க முடியாது. லிஃப்டில் எப்படி ஏறுகிறார், கதவு மூடும்போது கயிறு எங்கே இருக்கிறது, கேட்டைத் திறக்கும்போது நாயை உட்கார வைக்கிறாரா, குழந்தை ஓடிவந்தால் அதனிடம் என்ன சொல்கிறார், இதையெல்லாம் கவனியுங்கள். தப்பு கண்ணில் பட்டால் அங்கேயே சொல்லுங்கள். சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

காகிதம், சாவி, சம்பளம்

ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், சாவி கொடுப்பதாக இருந்தால் அதைச் செய்துவிடுங்கள், அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். அவர் இப்போது வேலை செய்கிற இரண்டு வீட்டு எண்களைக் கேட்டு நீங்களே பேசுங்கள், "எப்படி?" என்று பொதுவாகக் கேட்காமல் "போன மாதம் எத்தனை நாள் லேட்?" என்று கேளுங்கள்.

உங்கள் பக்கத்துக் காகிதமும் சரியாக இருக்க வேண்டும். சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். இரண்டின் படமும் அவர் போனில் இருக்கட்டும், தெருவில் யாராவது கேட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். உங்கள் டாக்டர் எண், பக்கத்திலேயே ராத்திரி திறந்திருக்கும் ஒரு கிளினிக், பெரிய சிக்கல் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை வைத்தியத்துக்குச் செலவு செய்யலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குறைத்துப் பேசினால் அவர் இன்னும் இரண்டு வீடு சேர்த்துக்கொள்வார், அந்த நேரம் உங்கள் நாயின் நேரத்தில் இருந்துதான் போகும். எங்கள் பழைய பையன் விஷயத்தில் அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நாங்கள் கொடுத்ததும் கம்மிதான். மாதத்துக்கு எத்தனை நாள் விடுப்பு, நாம் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, பொங்கல் தீபாவளிக்கு என்ன, மழை கொட்டினால் என்ன என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் ஊருக்குப் போனாலும் சம்பளம் கொடுக்கிறோம், அவர் வீட்டு அரிசி விலை நாங்கள் ஊரில் இல்லாததால் குறையப்போவதில்லை. கையுறை, மலம் எடுக்கும் பை, நாய்க்குத் தண்ணீர்ப் பாட்டில், அவருக்கும் ஒன்று, நாம்தான் வாங்கி வைக்க வேண்டும்.

முதல் மாதம்

வாட்ச்மேன் நோட்டை வாரம் ஒருமுறை பாருங்கள். புறப்படும்போது ஒரு படம், திரும்பியதும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், கூடவே ஒரு வரி: எத்தனை முறை போனாள், இளக்கமாகவா கெட்டியாகவா, தண்ணீர் குடித்தாளா. மலத்தைப் பற்றி எழுதச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், உடம்பு கெடுவது முதலில் அங்கேதான் தெரியும்.

திரும்பி வந்ததும் காது மடிப்பு, கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்துங்கள், ராத்திரி நீங்களும் ஒருமுறை பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சர்வ சாதாரணம், நாய் திடீரென்று சாப்பாட்டை வெறுத்துச் சுருண்டு படுத்தால் ஒரு நாள் பொறுக்காமல் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். நான் இன்றைக்கும் தினமும் பார்க்கிறேன்.

நாயின் நடத்தையையும் கவனியுங்கள். அவர் வரும் நேரத்துக்குக் கதவருகே போய் உட்கார்ந்தால் நல்லது. லிஃப்ட் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போனால், கயிற்றைக் கண்டு பம்மினால், கை ஓங்குகிற மாதிரி ஏதாவது அசைந்தாலே தலையைத் தாழ்த்தினால், காரணம் விசாரித்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே நடையை நிறுத்திவிடுங்கள், விசாரணை அப்புறம். அதே நேரம், முதல் ஒரு வாரம் கொஞ்சம் தயங்குவது எல்லா நாய்க்கும் இருக்கும், அதை வைத்து அவசரப்பட்டு நல்ல ஆளை விட்டுவிடாதீர்கள். தயக்கம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால்தான் கவலை.

பால் அண்ணன் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இந்த மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்குப் போன் செய்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார், சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. "இப்பத்தான் கையை வச்சுப் பாத்தேன்க்கா, ரோடு இன்னும் சுடுது. அரை மணி கழிச்சுக் கூட்டிட்டுப் போகட்டுமா?"